இரண்டு டாலர் கூலி

1909ஆம் ஆண்டுக் கோடையில், வட கரோலினா மாநிலத்தின் ராக்கி மவுண்ட் என்ற சிறு நகரத்தில் ஓர் இளைஞர் பேஸ்பால் ஆடிக்கொண்டிருந்தார். ஓர் ஆட்டத்துக்கு 2 டாலர் கூலி என்கிறார்கள். நல்ல வாரத்திலும் கைக்கு வந்தது 35 டாலரைத் தாண்டவில்லை. பந்து எறிந்தார், மட்டை பிடித்தார், ஓடினார். அடுத்த கோடையிலும் அதே மாநிலத்தில் ஆடினார். ஆட்டக்காரர் பட்டியலில் தன் சொந்தப் பெயரையே கொடுத்தார்: ஜிம் தோர்ப்.

அந்தக் காசு சாப்பாட்டுக்கும் அறை வாடகைக்கும் போயிருக்கும். ஆனால் அந்தக் கூலியை வாங்கியதற்கான வழக்கு முடிய நூறாண்டுகளுக்கு மேல் ஆனது. 2022 ஜூலையில் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி தீர்ப்பை முழுமையாகத் திருத்தியபோது தோர்ப் இறந்து 69 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு மனிதன் உடலால் உழைத்துச் சம்பாதித்த சில டாலர்களுக்காக அவனை இத்தனை காலம் தண்டிக்க முடியும் என்பது எனக்கு இன்றும் ஆறாத விஷயம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தோர்ப் 1887ஆம் ஆண்டு வாக்கில், பிறகு ஓக்லஹோமா மாநிலமாக மாறிய நிலப்பகுதியில் பிறந்தவர். சாக்-ஃபாக்ஸ் என்ற பூர்வகுடி இனம். அவர்கள் மொழியில் அவர் பெயர் வா-தோ-ஹக், ‘ஒளி விழுந்த பாதை’ என்று பொருள். சார்லி என்று இரட்டைச் சகோதரன் இருந்தான். ஒன்பது வயதை ஒட்டி நிமோனியாவில் போய்விட்டான். ஜிம் விடுதிப் பள்ளிகளிலிருந்து ஓடி ஓடி வந்த பிள்ளை. கடைசியில் பென்சில்வேனியாவிலுள்ள கார்லைல் இந்தியத் தொழிற்பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்தபோதே தந்தையும் இறந்தார்.

கார்லைல் எப்படிப்பட்ட இடம் என்பதைச் சொல்லாமல் தோர்ப்பின் கதையைச் சொல்ல முடியாது. 1879இல் ரிச்சர்ட் பிராட் என்ற ராணுவ அதிகாரி பழைய படைமுகாம் ஒன்றில் தொடங்கிய பள்ளி அது. பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து, முடியை வெட்டி, தாய்மொழியை வாயிலிருந்து எடுத்து, வெள்ளைக்காரராக்கி அனுப்புவது நோக்கம். பிள்ளைக்குள் இருக்கும் இந்தியனைக் கொன்றால்தான் மனிதன் பிழைப்பான் என்பது பிராட்டின் வெளிப்படையான கொள்கை. அங்கேயே இறந்துபோன பிள்ளைகளின் கல்லறைகள் இன்னும் அங்கே இருக்கின்றன. கோடையில் மாணவர்களைச் சுற்றுவட்டாரப் பண்ணைகளுக்குக் குறைந்த கூலிக்கு வேலைக்கு அனுப்பும் வழக்கமும் இருந்தது. அவர்களின் சம்பளத்தைப் பள்ளியே வைத்துக் கணக்குப் பார்த்தது.

அந்தப் பண்ணை வேலையை விட்டுவிட்டுத்தான் தோர்ப்பும் உடன் சிலரும் ராக்கி மவுண்டுக்குப் போனார்கள். அப்போது கல்லூரி மாணவர்கள் கோடையில் ஊர் அணிகளுக்குக் காசு வாங்கிக்கொண்டு ஆடுவது ஊரறிந்த சங்கதி. வசதியான வீட்டுப் பிள்ளைகளும் ஆடினார்கள். ஆனால் அவர்களுக்கு ஒரு விவரம் தெரிந்திருந்தது. பெயரை மாற்றிக் கொடுத்துவிட்டு ஆடினார்கள். இந்தத் தந்திரத்தைத் தோர்ப்புக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

1911இல் மறுபடி கார்லைலுக்கு வந்தார். அங்கே அவர் ஆடியது ஃபுட்பால். இது நம் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதும், எதிரில் வருபவனை உடலோடு மோதி வீழ்த்துவதுமான அமெரிக்க ஆட்டம். அந்த ஆண்டு நவம்பரில் கார்லைல் 18-15 என்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தை வென்றது. நான்கு முறை தோர்ப் காலால் உதைத்து எடுத்த புள்ளிகள் அந்தப் பதினெட்டில் அடக்கம். அடுத்த ஆண்டு ராணுவக் கல்லூரி அணியை 27-6 என்று வென்றார்கள். தோற்ற அணியில் இருந்தவர்களில் ஒருவர் பின்னாள் ஜனாதிபதி ஐசனோவர்.

இந்த இரண்டு வெற்றிகளுக்கும் நடுவில், 1912 ஜூலையில், ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்.

அங்கே எடுத்த ஒரு புகைப்படத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். தோர்ப் மைதானத்தில் நிற்கிறார். கால்களைப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு ஷூ, சாக்ஸும் ஜோடி சேரவில்லை. போட்டிக்கு முன் அவருடைய ஷூ காணாமல் போனதாகவும், கிடைத்ததை மாட்டிக்கொண்டு ஓடியதாகவும், ஒன்றைக் குப்பையிலிருந்து எடுத்ததாகவும் சொல்வார்கள். ஒரு காலுக்குப் பெரிதாக இருந்ததால் அதில் கூடுதலாக ஒரு சாக்ஸ். முகத்தில் கோபமோ சங்கடமோ இல்லை. இருப்பதை வைத்துக்கொண்டு வேலையைப் பார்ப்பவனின் நிற்பு அது. உழைத்துப் பிழைக்கிற வீடுகளில் பிறந்தவர்களுக்கு அந்த நிற்பு நன்றாகத் தெரியும்.

ஐந்து போட்டிகள் கொண்ட பென்டத்லானில் நான்கில் முதலிடம். பத்துப் போட்டிகள் கொண்ட டெகாத்லானில் 8,412 புள்ளிகள். இரண்டாம் இடம் பெற்ற ஸ்வீடன் வீரர் ஹியூகோ வீஸ்லாண்டரைவிட 688 அதிகம். ஓட்டம், தாண்டுதல், எறிதல் என்று ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கணக்கில் பழகியவர்கள் உண்டு. அத்தனையையும் ஒரே உடல் செய்தது. உலகின் தலைசிறந்த வீரர் நீங்கள்தான் என்று ஸ்வீடன் அரசர் ஐந்தாம் குஸ்தாவ் சொன்னதாக வரலாறு. அந்த உலகச் சாம்பியனின் மக்களுக்கு அவர்கள் பிறந்த நாட்டிலேயே குடியுரிமை உறுதியாக இல்லை. பூர்வகுடிகள் அனைவரும் குடிமக்கள் என்ற சட்டம் 1924இல்தான் வந்தது.

ஆறு மாதம் கழித்து, 1913 ஜனவரியில், மாசசூசெட்ஸ் செய்தித்தாள் ஒன்று ராக்கி மவுண்ட் விவகாரத்தை வெளியிட்டது. காசு வாங்கி ஆடியவர் ஒலிம்பிக்கில் போட்டியிடக் கூடாது என்பது அன்றைய விதி. அமெரிக்க அமெச்சூர் தடகளச் சங்கம் விசாரித்தது. தோர்ப் பெயரில் ஒரு கடிதம் போனது. தான் ஒன்றும் அறியாத இந்தியப் பள்ளி மாணவன், மற்ற கல்லூரிப் பையன்கள் செய்ததைத்தான் செய்தேன், அவர்கள் மட்டும் சொந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை என்பது அதன் சாரம். பயிற்சியாளர் பாப் வார்னர் சொல்லி எழுதப்பட்ட கடிதம் என்று பலரும் கருதுகிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. தன் அணியின் முதன்மை வீரன் இரண்டு ஆண்டு பள்ளியில் இல்லை, எங்கே போனான் என்று பயிற்சியாளருக்குத் தெரியாது என்பதை நம்ப முடியவில்லை. வார்னரின் பெயருக்கும் பள்ளியின் பெயருக்கும் பங்கம் வரவில்லை. பழி முழுவதும் மாணவன் தலையில் இறங்கியது. மறு ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றக் குழு கார்லைலை விசாரித்தபோது, ஃபுட்பாலில் குவிந்த பணத்தைப் பள்ளி எப்படிக் கையாண்டது என்பது வெளியே வந்தது. அந்தப் பணம் யாருடைய ஓட்டத்தில் வந்ததோ அவரிடமிருந்து அதற்குள் பதக்கங்களைப் பிடுங்கியாகிவிட்டது.

விதியும் அவர் பக்கமே இருந்தது. வெற்றியை எதிர்த்து முறையிடுவதானால் போட்டிகள் முடிந்த 30 நாளுக்குள் முறையிட வேண்டும் என்பது ஸ்டாக்ஹோம் விதி. ஆறு மாதம் கழித்து வந்த புகாரை ஏற்கவே கூடாது. யாரும் அந்த விதியைத் திறந்து பார்க்கவில்லை. பதக்கங்களும் பரிசுக் கோப்பைகளும் திரும்பிப் போயின. தோர்ப் எதிர்த்து நிற்கவில்லை, கொடுத்துவிட்டார்.

‘அமெச்சூர்’ என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஆட்டத்தை அதன் மேலுள்ள பிரியத்துக்காக மட்டுமே ஆடுபவர் என்பது அதன் பொருள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பிரியத்துக்காக மட்டுமே ஆட வேண்டுமென்றால் வீட்டில் அடுப்பு எரிவதற்கு வேறு வழி இருக்க வேண்டும். இங்கிலாந்தின் ஹென்லி படகுப் போட்டியில் 1879இல் எழுதிய விதிப்படி கைத்தொழிலாளியும் கூலிக்காரரும் அமெச்சூர் ஆகவே முடியாது. படகோட்டிக் காசு வாங்கியிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை, பிழைப்புக்காகக் கையால் வேலை செய்தாலே போதும். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. இங்கிலாந்துக் கிரிக்கெட்டில் 1962 வரை ‘கனவான்கள்’ ஒரு வகை, ‘ஆட்டக்காரர்கள்’ ஒரு வகை. ஒரே அணிக்கு ஆடினாலும் பல மைதானங்களில் உடை மாற்றும் அறை வேறு, உள்ளே வரும் வாசல் வேறு. உழைத்து வாங்கும் கூலியைத் தீட்டாகப் பார்க்கும் கண் உலகெங்கும் ஒன்றுதான்.

அதே ஸ்டாக்ஹோமில் சம்பளம் வாங்கும் ராணுவ அதிகாரிகள் போட்டியிட்டார்கள். குதிரையேற்றமும் துப்பாக்கியும் வாள்வீச்சும் அடங்கிய நவீன பென்டத்லானில் ஐந்தாம் இடம் பெற்றவர், பின்னாளில் தளபதியாகப் புகழ்பெற்ற ஜார்ஜ் பாட்டன். அரசாங்கச் சம்பளத்தில் குதிரை ஏறிப் பழகியவர் அமெச்சூர். வயிற்றுக்காக இரண்டு கோடை பேஸ்பால் ஆடியவர் தொழில்முறை ஆள். பேஸ்பால் அந்த ஒலிம்பிக்கில் பதக்கப் போட்டிகூட இல்லை.

பதக்கம் போனதும் பேஸ்பால்காரர்கள் கையைப் பிடித்தார்கள். 1913இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி அவரை எடுத்துக்கொண்டது. அவர் பெயருக்குக் கூட்டம் வரும் என்பதும் அந்தக் கணக்கில் இருந்திருக்க வேண்டும், ஏனெனில் எடுத்த பிறகு பெரும்பாலும் பெஞ்சில்தான் உட்கார வைத்தார்கள். அந்தக் குளிர்காலம் ஜயன்ட்ஸும் சிகாகோ ஒயிட் சாக்ஸும் உலகம் சுற்றிக் காட்சி ஆட்டங்கள் ஆடின. ஜப்பான், பிலிப்பைன்ஸ், ஆஸ்திரேலியா என்று வந்த அந்தக் கப்பல் கொழும்பையும் தொட்டது. புது மனைவி ஐவாவுடன் தேன்நிலவாக அந்தப் பயணத்தில் வந்த தோர்ப் 1914 தொடக்கத்தில் இலங்கை மண்ணில் கால் வைத்திருக்கிறார். ஊர் ஊராக ஜனங்கள் பார்க்க வந்தது பெரும்பாலும் அவரைத்தான். அவர்களில் பலருக்கு பேஸ்பால் தெரியாது. ஒலிம்பிக் சாம்பியனைத் தெரியும்.

வளைந்து வரும் பந்தை அவருக்கு அடிக்கத் தெரியாது என்று ஒரு பேச்சு கடைசிவரை அவரைத் துரத்தியது. ஆறு பருவங்களில் 289 ஆட்டங்கள், சராசரி .252. சாதாரணம்தான். ஆனால் ஒழுங்காக ஆட இடம் கிடைத்த கடைசி ஆண்டான 1919இல் சராசரி .327. பேஸ்பாலில் .300ஐத் தாண்டினாலே நல்ல மட்டைக்காரர் என்பார்கள்.

1917 மே 2ஆம் தேதி ஆட்டத்தைப் பேஸ்பால் ரசிகர்கள் இன்றும் பேசுவார்கள். சிகாகோவில் நடந்தது. தோர்ப் அன்று சின்சினாட்டி அணியில். இரு பக்கமும் பந்தெறிந்தவர்கள் ஒன்பது இன்னிங்ஸ் முடியும்வரை எதிரணிக்கு ஓர் அடியைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. அதற்கு முன்போ பின்போ பெரிய லீக்கில் ஒன்பது இன்னிங்ஸ் அப்படி நடந்ததில்லை. பத்தாவதில் சின்சினாட்டியின் கோப்ஃப் எப்படியோ மூன்றாம் தளம்வரை வந்து நிற்கிறார். தோர்ப் மட்டையோடு வருகிறார். பந்து மட்டையில் பட்டுத் தரையில் சோம்பலாக உருண்டு போகிறது. சிகாகோவுக்காகப் பந்தெறிந்த வான் என்பவர் ஓடிவந்து எடுக்கிறார். முதல் தளத்தை நோக்கிப் போகும் தோர்ப்பை ஒரு கணம் பார்க்கிறார். அந்த ஓட்டத்தை முந்த முடியாது என்று தெரிந்துவிடுகிறது. பந்தை முதல் தளத்துக்கு எறியாமல் கேட்சர் பக்கம் எறிகிறார். கேட்சர் அதை எதிர்பார்க்கவில்லை. கோப்ஃப் உள்ளே வந்துவிடுகிறார். ஆட்டம் 1-0. பதிவேட்டில் அது ஒரு சின்ன அடி. ஆட்டத்தைத் தீர்மானித்தவை தோர்ப்பின் கால்கள்.

கோடையில் பேஸ்பால் முடிந்ததும் இலையுதிர் காலத்தில் ஃபுட்பால். ஓஹையோவின் கான்டன் புல்டாக்ஸ் அணி 1915இல் ஆட்டத்துக்கு 250 டாலர் தந்து அவரைச் சேர்த்தது. அன்றைக்கு அது யாரும் கேள்விப்படாத தொகை. சில ஆயிரம் பேர் பார்க்க வந்த இடத்துக்குப் பல ஆயிரம் பேர் வந்தார்கள். 1916, 1917, 1919 மூன்று ஆண்டும் கான்டன்தான் வெற்றி வாகை சூடியது. 1920 செப்டம்பரில் அதே ஊரில், ரால்ஃப் ஹே என்பவரின் கார் விற்பனைக் கூடத்தில், நாற்காலி போதாமல் கார்களின் படிகளில் உட்கார்ந்து அணி உரிமையாளர்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். தலைவராகத் தோர்ப் பெயரைப் போட்டார்கள். இரண்டு ஆண்டில் அது என்.எஃப்.எல். என்று பெயர் மாற்றிக்கொண்டது. இன்று உலகிலேயே அதிகப் பணம் புழங்கும் விளையாட்டு லீக் அதுதான்.

அந்த லீக்கில் அவர் ஆடிய அணிகளில் ஒன்றைப் பற்றி எழுதவே மனம் கசக்கிறது. 1922இல் லாரூ என்ற சிற்றூரில் நாய்ப் பண்ணை வைத்திருந்த வால்டர் லிங்கோ, தன் ஏர்டேல் நாய்களுக்கு விளம்பரமாகப் பூர்வகுடிகளை மட்டும் சேர்த்து ஊராங் இண்டியன்ஸ் என்ற அணியை அமைத்தார். இடைவேளையில் ஆட்டக்காரர்கள் ஓய்வெடுக்கப் போகவில்லை. கோடாரி எறிந்து காட்ட வேண்டும், நடனமாட வேண்டும், நாய்களோடு வித்தை காட்ட வேண்டும். உலகச் சாம்பியன் அதற்குப் பயிற்சியாளர். இரண்டு பருவத்தில் அணி கலைந்தது. பள்ளியில் உடை முதற்கொண்டு இனத்தின் அடையாளம் அத்தனையையும் உரித்தார்கள்; அப்படி உரித்ததையே மைதானத்தில் மறுபடி போர்த்தி டிக்கெட் விற்றார்கள்.

1928இல் கடைசி ஆட்டம். பிறகு பொருளாதார மந்தம். 1930களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸில் கட்டட வேலையில் மண் வெட்டினார்; மணிக்கு அரை டாலர். சினிமாவில் துணை நடிகர், கப்பல் வேலை, காவல் வேலை. குடியும் இருந்தது. மூன்று திருமணங்கள். முதல் மகன் மூன்று வயதில் இறந்த துக்கத்திலிருந்து அவர் மீளவே இல்லை என்பார்கள். 1932இல் ஒலிம்பிக் அதே லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்தபோது டிக்கெட் வாங்க அவரிடம் காசில்லை என்ற செய்தி பரவியது. கா என்ற பூர்வகுடி வம்சாவளியில் வந்த துணை ஜனாதிபதி சார்ல்ஸ் கர்ட்டிஸ் தன்னருகே அழைத்து உட்கார வைத்தார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

1950இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வாக்கெடுப்பு நடத்தி, அரை நூற்றாண்டின் மிகச் சிறந்த வீரர் என்று அவரை அறிவித்தது. அடுத்த ஆண்டு பர்ட் லங்காஸ்டர் நடித்து அவர் வாழ்க்கை படமானது. கதை உரிமையை வெகு முன்பே 1,500 டாலருக்கு விற்றிருந்தார். படம் வந்த அதே ஆண்டு உதட்டுப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை நடந்தது. செலவுக்குப் பணமில்லாததால் தர்ம சிகிச்சை. 1953 மார்ச் 28இல், கலிஃபோர்னியாவின் லோமிட்டாவில், தான் குடியிருந்த டிரெய்லர் வீட்டில் மாரடைப்பால் இறந்தார்.

பதக்கத்துக்காகப் பிள்ளைகள் பல ஆண்டு போராடினார்கள், மகள் கிரேஸ் முன்னின்றார். ஸ்டாக்ஹோமில் அதே போட்டிகளில் தோர்ப்பிடம் தோற்ற ஏவரி பிரண்டேஜ்தான் 1952 முதல் 1972 வரை சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் தலைவர்; அவர் காலத்தில் கதவு திறக்கவில்லை. 1980களின் தொடக்கத்தில் தோர்ப்பின் வரலாற்றை எழுதிய ராபர்ட் வீலரும் மனைவி ஃபுளோரன்ஸ் ரிட்லனும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் அந்த 30 நாள் விதி அச்சான சிறு புத்தகத்தைத் தேடிக் கண்டெடுத்தார்கள். 1982இல் கமிட்டி இறங்கி வந்தது, அதுவும் அரைமனதாக. தோர்ப் ‘இணைச் சாம்பியன்’. மறு ஆண்டு பிள்ளைகள் கைக்கு வந்தவை பதக்கங்களின் நகல்கள். இணைச் சாம்பியனாக்கப்பட்ட வீஸ்லாண்டரோ, வென்றது தோர்ப்தான் என்று வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்தவர். தனி வெற்றியாளர் என்ற ஒப்புதலுக்கு இன்னும் 40 ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

உடலின் கதை இன்னும் முடியவில்லை. 1953 ஏப்ரலில் ஓக்லஹோமாவில் சாக்-ஃபாக்ஸ் முறைப்படி இறுதிச் சடங்கு நடந்துகொண்டிருந்தபோது மூன்றாம் மனைவி பட்ரீஷியா காவலர்களோடு வந்து உடலை எடுத்துப்போனார். பென்சில்வேனியாவில் நிலக்கரித் தொழில் நொடித்துக் கிடந்த மௌக் சங்க், கிழக்கு மௌக் சங்க் என்ற இரண்டு ஊர்கள் ஒன்றாகி, ‘ஜிம் தோர்ப்’ என்று தங்களுக்கே பெயர் சூட்டிக்கொண்டு அந்த உடலை வாங்கிக்கொண்டன. அவர் வாழ்நாளில் அந்த ஊரில் கால் வைத்ததாக எந்தச் சான்றும் இல்லை. அவர் பெயரைப் பார்த்துச் சுற்றுலாக் கூட்டம் வரும் என்று ஊர் நம்பியது. ஊர்க்காரர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். சிவப்புக் கிரானைட்டில் கல்லறை கட்டி இத்தனை ஆண்டு பராமரித்திருக்கிறார்கள். பேரன்களில் சிலரும் அங்கேயே இருக்கட்டும் என்றார்கள். ஆனால் மகன்கள் கேட்டார்கள். 2010இல் ஜாக் தோர்ப், பூர்வகுடிகளின் உடல்களைத் திருப்பித் தரச் சொல்லும் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வழக்குப் போட்டார். மறு ஆண்டு அவர் இறந்தார், சகோதரர்கள் தொடர்ந்தார்கள். 2013இல் கீழ் நீதிமன்றம் மகன்கள் பக்கம் நின்றது. 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளியது. 2015 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ளவே மறுத்தது.

சட்டம் முடிந்த இடத்தில் மனிதர்கள் முடிவெடுக்கலாம். பதக்கத்தைத் திருப்பித் தருவதற்கு ஒலிம்பிக் கமிட்டியை எந்த நீதிமன்றமும் கட்டாயப்படுத்தவில்லை. அந்தச் சிறு நகரம் பெயரை வைத்துக்கொள்ளட்டும், கல்லறைக் கட்டடத்தையும் வைத்துக்கொள்ளட்டும். பாதியில் நின்ற சடங்கு ஓக்லஹோமாவில் அப்படியே நிற்கிறது. அவரை அங்கே அனுப்பி வையுங்கள்.